மண்ணுக்கும் வில்லங்கம் உண்டு: வடசென்னையைச் சுத்தம் செய்ய யார் காசு கொடுப்பது?

விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ரயில் வந்தது 2021 பிப்ரவரியில். அதன் பிறகு தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வீடு தேடுவோர் போடும் கணக்கே மாறிவிட்டது. நகரத்தின் மற்ற பகுதிகளில் கட்டுப்படியாகாத விலை இங்கே கட்டுப்படியாகிறது. ஆபீஸுக்கும் நேரடி ரயில் இருக்கிறது.

வீடு வாங்குவதற்கு முன்னால் எல்லோரும் பார்ப்பது மூன்று காகிதங்களை. தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ். அந்த நிலத்தை யார் யாருக்கு விற்றார்கள், எந்த வங்கியில் அடமானம் இருக்கிறது என்பதை வில்லங்கச் சான்றிதழ் சொல்லிவிடும். ஆனால், அந்த மண்ணுக்கு அடியில் எண்ணெய் கசிந்திருக்கிறதா, பக்கத்தில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டதா என்பதை அது சொல்லாது. நிலத்தின் கடனுக்குப் பதிவு உண்டு, நிலத்தில் கலந்த நஞ்சுக்குப் பதிவு இல்லை.

கெட்டுப்போன நிலத்தைச் சுத்தம் செய்ய உலகம் முழுக்க இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று, கோர்ட் வழி: கெடுத்தவனைக் கண்டுபிடி, பொறுப்பாக்கு, பணத்தை வசூலி. இன்னொன்று, பொருளாதார வழி: கெடுப்பதற்கு ஒரு விலை வை, முன்கூட்டியே பணத்தைச் சேர்த்து வை, சுத்தம் செய்வதை லாபமாக்கு. வடசென்னையில் இரண்டுமே முயற்சி செய்யப்பட்டிருக்கின்றன. பிறகு ஏன் மண் இன்னும் அப்படியே கிடக்கிறது?

அப்படி என்னதான் மண்ணில் இருக்கிறது?

துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, அனல்மின் நிலையம், குப்பைக் கிடங்கு. சென்னைக்குத் தேவையான, ஆனால் தன் வீட்டுப் பக்கத்தில் வேண்டாம் என்று மற்ற பகுதிகள் நினைக்கும் எல்லாமே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான பகுதியில்தான் இருக்கின்றன. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது மணலி பெற்றது 76.32. பரீட்சை மார்க் மாதிரி சந்தோஷப்பட முடியாது. 70-ஐத் தாண்டினாலே 'மிக மோசமாக மாசுபட்ட பகுதி' என்று அர்த்தம்.

சில உதாரணங்களைப் பார்த்தால் பிரச்சினையின் வகைகள் புரியும்.

தண்டையார்பேட்டை, 2013: வீட்டு போர்வெல் தண்ணீரில் பெட்ரோல் வாடை வந்தது. துறைமுகத்திலிருந்து தண்டையார்பேட்டை முனையத்துக்கு எரிபொருள் கொண்டு வரும் பாரத் பெட்ரோலியத்தின் பூமிக்கடியில் போகும் குழாயில் கசிவு இருந்தது தெரியவந்தது. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. குழாயை அடைப்பது சில நாள் வேலை. மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் போய்விட்ட எண்ணெயை உறிஞ்சி எடுப்பது ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை.

எண்ணூர் கழிமுகம்: வடசென்னை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்த பிறகு மிஞ்சும் சாம்பல், தண்ணீரில் குழம்பாகக் கலக்கப்பட்டு குழாய் வழியாகச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்பப்படுகிறது. அந்தக் குழாய்கள் பல ஆண்டுகளாகக் கசிந்து, கொசஸ்தலை ஆற்றின் படுகையில் சாம்பல் படிந்தது. ஆழம் குறைந்தது, சேற்றில் கையால் தடவி இறால் பிடித்தவர்களின் பிழைப்பும் அதோடு குறைந்தது.

மணலி – எண்ணூர், 2023 டிசம்பர்: மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சேர்ந்து சென்னை பெட்ரோலியம் நிறுவனமான சிபிசிஎல் பகுதியிலிருந்து எண்ணெய் வெளியேறி, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது. சுமார் 20 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு எண்ணெய்ப் படலம் பரவியிருந்தது. படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் அலையாத்தி மரங்களின் வேர்களிலும் கருப்புக் கோடு விழுந்தது.

கொடுங்கையூர்: வடசென்னைக்குள்ளேயே பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த குப்பை மலை. அளவு 66.52 லட்சம் டன். பயோமைனிங் முறையில் அதைப் பிரித்து அகற்றும் திட்டத்தின் செலவு சுமார் 640 கோடி ரூபாய்.

இந்த நான்கில் முதல் மூன்றில் கெடுத்தது யார் என்று கைகாட்ட முடியும். நான்காவதில் கெடுத்தது குப்பை போட்ட எல்லோரும். முதல் மூன்றுக்குக் கோர்ட் வழி பொருந்தும். நான்காவதுக்கு யார் மேல் கேஸ் போடுவது?

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கைக்கு அடித்தளம் போட்டது 1996. அந்த ஒரே ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் வந்தன. ஒன்று, ராஜஸ்தானின் உதய்ப்பூர் அருகே உள்ள பிச்ரி கிராமத்தில் கிணறுகளைக் கெடுத்த ரசாயன ஆலைகள் பற்றியது. இன்னொன்று, நம்ம ஊர் விஷயம்: பாலாற்றுப் படுகையைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடர்ந்த வழக்கு.

பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தால் மட்டும் போதாது, கெட்டுப்போன மண்ணையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டு வரும் செலவும் மாசுபடுத்தியவருடையதே என்று இந்தத் தீர்ப்புகள் சொல்லின. இது ரொம்ப முக்கியமான வித்தியாசம். ஒருவரின் கையில் 10,000 ரூபாய் கொடுப்பது வேறு, அவர் வீட்டு போர்வெல்லில் மறுபடியும் குடிக்கக் கூடிய தண்ணீர் வரச் செய்வது வேறு.

2010-ல் வந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் இதை எழுத்திலேயே கொண்டு வந்தது. விபத்து என்றால், நிறுவனத்தின் மேல் தவறு இருக்கிறதா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. 'நாங்க எல்லாப் பாதுகாப்பு ஏற்பாடும் செஞ்சிருந்தோம், புயல்தான் காரணம்' என்று சொல்லிப் பொறுப்பிலிருந்து நழுவவும் முடியாது. எண்ணூர் சாம்பல் வழக்கில் 2022 ஜூலையில் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, மின் கழகத்தையே பொறுப்பாக்கிக் கழிமுகத்தை மீட்கச் சொன்னது இந்த அடிப்படையில்தான்.

காகிதத்தில் பார்த்தால் இதைவிட வலுவான சட்டம் கேட்க முடியாது. சிக்கல் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது.

சிக்கல் 1: காலம்

பிச்ரி வழக்கில் ஆலைகள் கட்ட வேண்டிய தொகை 37.385 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. ஆலைகள் தரப்பு மனு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டே போனது. கடைசியில் 2011-ல் உச்ச நீதிமன்றம், 1997 நவம்பரிலிருந்து 12 சதவீதக் கூட்டு வட்டியோடு கட்டச் சொன்னது. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் தொகை நான்கு மடங்கைத் தாண்டுகிறது.

1996-ல் வந்த தீர்ப்புக்குப் பணம் கட்டச் சொல்லி 2011-ல் இன்னொரு தீர்ப்பு. அந்த 15 வருஷமும் நஞ்சு கோர்ட்டில் காத்திருக்கவில்லை. மழை பெய்தால் கீழே இறங்கும், நிலத்தடி நீரோடு நகரும். இன்றைக்கு ஒரு லாரி மண்ணை அள்ளினால் முடிகிற வேலை, பத்து வருஷம் கழித்து ஒரு தெருவின் நிலத்தடி நீரையே வடிகட்டும் வேலையாகிவிடும்.

காலத்தில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயத்தில் நிவாரணம் கேட்க, காரணம் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் அவகாசம். எண்ணெய்க் கசிவு என்றால் மறுநாளே கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்குள் மெதுவாக இறங்கும் உலோகம் அப்படித் தெரிவதில்லை. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதே ஒரு வழக்காகிவிடும்.

சிக்கல் 2: கெடுத்தவர் இல்லாவிட்டால்?

ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை இருந்தது. 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுப்போனது சுமார் 2.27 லட்சம் டன் குரோமியக் கழிவு. மழைக்காலத்தில் அங்கிருந்து மஞ்சள் நிறத்தில் தண்ணீர் கசிவதை ஊரே பார்த்திருக்கிறது. ஆலை இயங்கவில்லை, வருமானம் இல்லை. 'மாசுபடுத்தியவர் கட்ட வேண்டும்' என்று எத்தனை முறை தீர்ப்பு எழுதினாலும், கட்டுவதற்கு ஒரு கை வேண்டுமே. இப்படிப்பட்ட நிலங்களை 'அனாதைத் தளங்கள்' என்கிறார்கள்.

சிக்கல் 3: எவ்வளவு சுத்தம் செய்தால் சுத்தம்?

கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவருக்குச் சொந்தமான தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடைத்ததுதான் ஆரம்பம். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேர் விஷயத்தில் 2016 மார்ச்சில் உடன்பாடு ஏற்பட்டது. ஆனால், ஆலை மண்ணில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் பாதரசம் இருந்தால் 'சுத்தம்' என்று ஒப்புக்கொள்வது? 20 மில்லிகிராம் என்று அளவு வைக்கப்பட்டது. வேறு நாடுகளில் குடியிருப்புப் பகுதிக்கு இதைவிடக் கடுமையான அளவு இருக்கிறதே என்று சூழல் ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். பல வருஷங்கள் இந்த ஒரு எண்ணைச் சுற்றியே ஓடின.

எண் சின்னதாக ஆக ஆகச் செலவு பல மடங்காகும். முதல் 80 சதவீத நஞ்சை எடுப்பது மலிவு, கடைசி 5 சதவீதத்தை எடுப்பது கொள்ளைச் செலவு. இங்கேதான் பொருளாதாரம் உள்ளே நுழைகிறது.

பொருளாதாரம் என்ன சொல்கிறது?

சிம்பிளாகச் சொன்னால் இப்படி. ஒரு ஆலை கழிவை ஒழுங்காகச் சுத்திகரிக்க டன்னுக்கு 800 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்றில் விட்டால் செலவு பூஜ்யம். லாபம் கம்பெனிக்கு, கழிவு குப்பத்துக்கு. பிடிபட்டால்தான் வழக்கு, தோற்றால்தான் அபராதம், அதுவும் பல வருஷம் கழித்து. இந்தக் கணக்கில் ஆற்றில் விடுவதுதான் மலிவு. ஆற்றில் விடுவதற்கு இன்றைக்கே டன்னுக்கு 1,000 ரூபாய் என்று விலை வைத்தால், யாரும் அட்வைஸ் சொல்லாமலேயே ஆலை சுத்திகரிக்க ஆரம்பிக்கும்.

இது வெறும் பாடப்புத்தகக் கணக்கு இல்லை. 2021 டிசம்பர் 31 அன்று மத்திய அரசு வெளியிட்ட உலர் சாம்பல் அறிவிக்கை கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது. அனல்மின் நிலையங்கள் சாம்பலைச் சிமெண்ட், செங்கல், சாலைப் பணிகளுக்கு அனுப்ப வேண்டும். குறித்த காலத்துக்குள் பயன்படுத்தாமல் விட்ட சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் சூழல் இழப்பீடு. 10 லட்சம் டன் தேங்கினால் 100 கோடி ரூபாய். சாம்பல் என்பது தூக்கிப் போடும் பொருள் என்ற நிலை மாறி, வைத்திருந்தால் கையைக் கடிக்கும் பொருள் ஆகிறது.

இந்த 1,000 ரூபாய் கொஞ்சமா, அதிகமா? கொடுங்கையூரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 640 கோடி ரூபாயை 66.52 லட்சம் டன்னால் வகுத்தால் டன்னுக்குக் கிட்டத்தட்ட 960 ரூபாய் வருகிறது. குப்பையும் சாம்பலும் ஒன்றல்ல. ஆற்றுப்படுகைச் சேற்றோடு கலந்த சாம்பலைப் பிரிப்பது, மேட்டில் கிடக்கும் குப்பையைப் பிரிப்பதைவிடக் கஷ்டம். அதாவது ஒரு டன் சாம்பல் ஆற்றுக்குள் போகும் முன்னால் தடுக்க 1,000 ரூபாய் விலை போதுமானதாக இருக்கலாம். போன பிறகு எடுக்க அது போதவே போதாது.

இரண்டாவது பொருளாதாரக் கருவி, இன்ஷூரன்ஸ். போபாலுக்குப் பிறகு 1991-ல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. ஆபத்தான பொருட்களைக் கையாளும் நிறுவனங்கள் பிரீமியம் கட்ட வேண்டும், அதே அளவு தொகையைச் சுற்றுச்சூழல் நிவாரண நிதிக்கும் கட்ட வேண்டும். 2008-ல் இந்த நிதியை நிர்வகிக்கும் பொறுப்பைப் பெற்றது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ். நல்ல யோசனைதான். ஆனால், சட்டம் வந்தபோது சொத்துச் சேதத்துக்கு வைத்த உச்சவரம்பு 6,000 ரூபாய். எண்ணூரில் எண்ணெய் படிந்த ஒரு வலையை மாற்றவே அது காணாது. உண்டியலில் காசு சேர்ந்தது, பெரும்பகுதி எடுக்கப்படாமலேயே கிடந்தது.

மூன்றாவது, நிலத்தின் விலை. சுத்தம் செய்தால் நிலத்தின் மதிப்பு கூடும், அந்த லாபத்திலிருந்து சுத்தம் செய்த செலவை எடுத்துவிடலாம் என்பது இதன் தர்க்கம். மெட்ரோ பக்கத்து நிலத்துக்கு இந்தக் கணக்கு சரியாக வரலாம். கொசஸ்தலை ஆற்றுச் சேற்றுக்கு வராது. ஆற்றை ஃபிளாட் போட்டு விற்க முடியாதே. சந்தையிடம் மட்டும் விட்டால், விலை போகும் மண் சுத்தமாகும், இறால் வளரும் மண் அப்படியே கிடக்கும். சுத்தமான இடத்தில் விலை ஏறினால், இத்தனை வருஷம் புகையைச் சுவாசித்த வாடகைக் குடும்பங்கள் வெளியேற வேண்டிவரும் என்ற ஆபத்தும் உண்டு.

கெடுத்தது அரசு நிறுவனம் என்றால்?

'மாசுபடுத்தியவரே கட்டட்டும்' என்று சொல்லும்போது மனதில் வருவது ஒரு பணக்கார முதலாளி. வடசென்னையின் நிலவரம் வேறு. அனல்மின் நிலையம் மாநில அரசின் மின் கழகத்துடையது. சிபிசிஎல், பொதுத்துறை நிறுவனமான இந்தியன் ஆயிலின் துணை நிறுவனம். பாரத் பெட்ரோலியமும் பொதுத்துறை.

ஏற்கெனவே கடனில் இருக்கும் மின் கழகத்திடம் சில நூறு கோடி வசூலித்தால், அது எங்கே போய் விழும்? ஒன்று, மின் கட்டணத்தில். இல்லையென்றால், அரசு கொடுக்கும் மானியத்தில். இரண்டுமே மக்கள் பணம். எண்ணூரில் இறாலை இழந்தவரும் கரண்ட் பில் கட்டுகிறார்.

அப்படியென்றால் வசூலிக்கவே வேண்டாமா? வேண்டும். மாசுக்கான செலவு கணக்குப் புத்தகத்தில் ஏறினால்தான், 'பழைய குழாயை மாற்றுவது மலிவா, கசியவிடுவது மலிவா' என்ற கேள்விக்கு நிர்வாகம் சரியான பதிலைத் தேடும். தவிர, அந்த மின்சாரத்தைக் கோடம்பாக்கமும் சோழிங்கநல்லூரும் சேர்ந்துதான் பயன்படுத்துகின்றன. செலவை முழுநகரமும் பங்கிட்டுக்கொள்வது, ஒரு குப்பம் மட்டும் தன் உடம்பாலும் பிழைப்பாலும் கட்டுவதைவிட நியாயமானது.

ராயபுரம் சுத்தமானது, தூசு எங்கே போனது?

கோர்ட் உத்தரவு மட்டும் தனியாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ராயபுரமே சாட்சி. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியும் இரும்புத் தாதும் ராயபுரம், காசிமேடு பக்கத்து வீடுகளில் கருப்புத் தூசாகப் படிந்தன. மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2011-ல் துறைமுகத்தில் அந்தச் சரக்குகள் நிறுத்தப்பட்டன. ராயபுரத்துக்கு அது உண்மையான வெற்றி.

ஆனால், நிலக்கரிக்கான தேவை ஒரு கிலோகூடக் குறையவில்லை. அது வடக்கே எண்ணூர் துறைமுகத்துக்கு, இன்றைய காமராஜர் துறைமுகத்துக்கு நகர்ந்தது. ராயபுரத்தின் எதிர்ப்புக்குக் கோர்ட்டில் ஒரு விலை கிடைத்தது, எண்ணூரில் அந்த விலை இல்லை. எங்கே கேஸ் போட ஆள் இல்லையோ, எங்கே நிலம் மலிவோ, அங்கே மாசு போய்ச் சேரும்.

அமெரிக்கா என்ன செய்தது?

இரண்டு வழியையும் சேர்த்துக் கட்டிய முயற்சி ஒன்று உண்டு. அதன் கதையும் ஒரு பத்திரத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் லவ் கெனால் என்ற இடத்தில் ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் பழைய கால்வாய் ஒன்றில் சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்தது. 1953-ல் அந்த நிலத்தைப் பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்தது. கழிவு புதைந்திருப்பதையும், அதனால் ஏதாவது நடந்தால் கம்பெனி பொறுப்பில்லை என்பதையும் பத்திரத்திலேயே எழுதிவிட்டது. மேலே பள்ளிக்கூடம் வந்தது, சுற்றி வீடுகள் வந்தன. 1970-களில் நஞ்சு வீடுகளுக்குள் கசிந்தது. 1978-ல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டிவந்தது.

அதன் விளைவாக 1980-ல் வந்ததுதான் 'சூப்பர்ஃபண்ட்' சட்டம். பழைய தவறாக இருந்தாலும், பத்திரத்தில் எதை எழுதியிருந்தாலும் கெடுத்தவர் தப்ப முடியாது. பல பேர் சேர்ந்து கெடுத்திருந்தால், கிடைத்த ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம். இது சட்டத்தின் பாதி. பொருளாதாரத்தின் பாதி என்னவென்றால், பெட்ரோலியம், ரசாயனத் துறைகள் மேல் ஒரு வரி போட்டு நிதி சேர்த்தார்கள். ஆள் கிடைக்காத இடத்தை அந்தப் பணத்தில் அரசே சுத்தம் செய்யும்.

இதிலும் ஓட்டை இருந்தது. நிறுவனங்கள் யார் பங்கு எவ்வளவு என்று ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டு, வக்கீல் ஃபீஸுக்கே பெரும்பணம் போனது. 1995-ல் அந்த வரி காலாவதியானது. நிதி வற்றி, செலவு பொது வரிப்பணத்தின் தலையில் விழுந்தது. 2021, 2022-ல் இயற்றிய சட்டங்கள் மூலம்தான் வரி திரும்பி வந்தது. வருஷா வருஷம் வருமானம் வராத நிதி, எவ்வளவு நல்ல சட்டத்தையும் முடக்கிவிடும் என்பதே அமெரிக்கா தரும் பாடம்.

இந்தியாவின் புது விதிகள்: என்ன இருக்கிறது, என்ன இல்லை?

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த தளங்கள் மேலாண்மை விதிகளை அறிவித்தது. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த இவைதான், கெட்டுப்போன நிலத்துக்கென்றே இந்தியா எழுதிய முதல் தனி விதிகள். நாடு முழுக்க 103 தளங்கள் அடையாளம் காணப்பட்டு, வெறும் 7-ல் மட்டுமே சீரமைப்பு தொடங்கியிருந்த நிலையில் இவை வந்தன.

முக்கியமான அம்சங்கள்:

- உள்ளாட்சி அமைப்பும் மாவட்ட நிர்வாகமும் சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை ஆண்டுக்கு இருமுறை கொடுக்க வேண்டும்.
- மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வும், அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வும் செய்ய வேண்டும்.
- 189 ரசாயனங்களுக்கு அளவுகள் உண்டு. தாண்டினால் தளத்தின் விவரத்தைப் பொதுவெளியில் அறிவிக்க வேண்டும்.
- பொறுப்பானவர் யார் என்று வாரியம் கண்டுபிடிக்க வேண்டும். செலவு அவருடையது. ஆள் கிடைக்காவிட்டால் அல்லது அவரால் கட்ட முடியாவிட்டால், மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்ளும்.

ராணிப்பேட்டை மாதிரி அனாதைத் தளங்களுக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. கொடைக்கானல் மாதிரி 'எந்த அளவு' சண்டைக்கும் ஒரு தொடக்கப் புள்ளி இருக்கிறது. இனி இல்லாதவை. கடலில் கலந்த எண்ணெய் மாசு இந்த விதிகளுக்குள் வராது. குப்பைக் கிடங்குகளும் தனி விதிகளின் கீழ் போய்விடுகின்றன. வடசென்னையின் நான்கு உதாரணங்களில் கொடுங்கையூர் இங்கேயே கழன்றுவிடுகிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் கழிமுகத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது அடுத்த வாக்குவாதமாகலாம். ஆய்வுக்கு நாள் குறித்த விதிகள், சுத்தம் செய்து முடிக்க ஒரு கெடு வைக்கவில்லை என்பதுதான் பெரிய குறை. அமெரிக்காவைப் போல இதற்கென்று தனி வரியும் இல்லை.

முதலில் கட்டு, பிறகு வசூலி

இந்த இடைவெளியை அடைக்க ஒரு வழி, வேலூரிலிருந்தே வந்திருக்கிறது. அதே தோல் ஆலைகள் விவகாரத்தில் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கு வழங்க வேண்டிய இழப்பீட்டை அரசே முதலில் கொடுத்துவிட்டு, பிறகு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். 1996 தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் 28 வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது.

அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு தீர்ப்பு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களே சூழல் இழப்பீடு விதிக்கலாம், சேதம் நடப்பதற்கு முன்பே தடுப்பு நடவடிக்கையாக வங்கி உத்தரவாதமும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதற்கான விதிமுறைகளை முதலில் வகுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் போட்டது. வங்கி உத்தரவாதம் என்பது வாடகை வீட்டு அட்வான்ஸ் மாதிரிதான். வீட்டை நாசமாக்கினால் பிடித்துக்கொள்ளலாம், கேஸ் போட்டு அலைய வேண்டியதில்லை.

'முதலில் கட்டு' என்பது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை எண்ணூர் பார்த்திருக்கிறது. 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவுக்குத் தமிழக அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்கு தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்கு தலா 10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்கு தலா 7,500. பசிக்கு அது உதவியது. ஆனால், அது குடும்பங்களுக்கான பணம். அலையாத்தி வேரில் ஒட்டிய எண்ணெய்க்கும், படுகையில் படிந்த சாம்பலுக்கும் அதே வேகத்தில் எடுத்துச் செலவு செய்ய ஒரு பணப்பெட்டி இல்லை.

சட்டம் 'யார்' என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. 'எப்போது, எந்தப் பணத்தில்' என்ற கேள்விக்குப் பொருளாதாரம் பதில் சொல்ல வேண்டும். வடசென்னையில் முதல் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைத்துவிட்டது. இப்போது தேவைப்படுவது ஆலைகள் முன்கூட்டியே கட்டிய பணத்தில் ஒரு நிதி, மண்ணைத் தோண்டும் வேலை முதலில், வழக்கு அதன் பின்னால் என்ற வரிசை, வேலை முடிய ஒரு கெடு. எவ்வளவு சுத்தம் போதும் என்று முடிவு செய்யும் மேசையில் காட்டுக்குப்பத்துக்கும் ஒரு நாற்காலி.

வீடு வாங்குபவர் என்ன செய்யலாம்?

இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது வக்கீல்கள் நிலத்தின் பழைய பயன்பாட்டையும் மாசுப் பதிவையும் தேடிப் பார்ப்பது வழக்கம். காரணம், 1990 சட்டப்படி கெடுத்தவர் கிடைக்காவிட்டால் பொறுப்பு இன்றைய உரிமையாளர் மேல் விழலாம். இங்கே அப்படி ஒரு பழக்கம் இன்னும் வரவில்லை. ஆனாலும் சில விஷயங்களைச் செய்து பார்க்கலாம்.

- தாய்ப் பத்திரங்களில் பழைய உரிமையாளர் ஆலையா, குடோனா, எண்ணெய்க் கிடங்கா என்று பாருங்கள். பெயரே பாதிக் கதை சொல்லும்.
- பக்கத்தில் பூமிக்கடியில் எரிபொருள் குழாய் போகிறதா என்று கேளுங்கள். சாலையோரத்தில் நட்டிருக்கும் எச்சரிக்கைக் கற்களைக் கவனியுங்கள்.
- போர்வெல் தண்ணீரை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். உப்பு, கடினத்தன்மை மட்டும் போதாது, கன உலோகமும் எண்ணெயும் இருக்கிறதா என்று சேர்த்துக் கேளுங்கள்.
- சந்தேகத்துக்குரிய தளங்களின் பட்டியலில் அந்தப் பகுதி இருக்கிறதா என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

வீடு வாங்குபவருக்கு வேண்டாம் என்று விலகிப்போக வழி இருக்கிறது. ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கு அது இல்லை. மாசடைந்த தளங்களின் பட்டியல் சார்பதிவாளர் அலுவலகக் கணினியோடு இணைக்கப்பட்டு, வில்லங்கச் சான்றிதழில் ஒரு வரியாக வந்தால், நிலத்தை விற்பவருக்கும் கடன் கொடுக்கும் வங்கிக்கும் சுத்தம் செய்தே ஆக வேண்டிய கட்டாயம் வரும். அதற்குப் புதுச் சட்டம்கூடப் பெரிதாகத் தேவைப்படாது. இரண்டு அரசுத் துறைகள் ஒரு பட்டியலைப் பகிர்ந்துகொண்டால் போதும்.